கொழும்புச் சதுப்பு நிலத்தில் ஒரு ஷட்டர்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே நான்கு சட்டை, இரண்டு பேன்ட், அப்புறம் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு வெண்கல நட்டு. தேங்காய் அளவு இருக்கும், கனம் மட்டும் ஒரு மூட்டைத் தேங்காய்க்குச் சமம். சுங்க அதிகாரி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். ஷட்டருக்கு என்றேன். எந்தக் கடை ஷட்டர் என்றார். கடை இல்லை, தண்ணீர் ஷட்டர் என்று சொல்லி, காற்றில் கைப்பிடியைச் சுற்றி, ஒரு பலகை மேலே ஏறுவது போலக் காட்டினேன். என் பின்னால் நின்ற வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது. அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்துவிட்டு அனுப்பினார்.

அம்பத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் ஷட்டர் செய்து கொடுப்பது எங்கள் தொழில். இத்தனை வருடத்தில் எங்கள் இரும்புதான் ஊர் ஊராகப் போயிருக்கிறது, நான் போனதில்லை. கொழும்பின் ஓரத்தில் பாதுகாக்கப்பட்ட ஒரு சதுப்பு நிலம், அதன் வாயில் ஒரே ஒரு ஷட்டர், அதன் நட்டு தேய்ந்து கதவு இறங்கியே கிடக்கிறது என்று கடிதம் வந்ததும் முதலாளி என்னைப் பார்த்தார். நான் மறுவார்த்தை பேசவில்லை. ஐம்பது வயதில் முதல் வெளிநாடு. விமானத்தில் ஏறி உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு முடிக்கும் முன்பே கொழும்பு வந்துவிட்டது என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

தங்க இடம் வெள்ளவத்தையில், கடலை நோக்கிப் போகும் ஒரு ஒழுங்கையின் கடைசி வீட்டு மாடி. வீட்டுக்காரர் குலசிங்கம், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாறை, பாறைக்கு அந்தப் பக்கம் கடல். ரயில் போகும்போது கட்டில் லேசாக நகரும். இரண்டு தெரு தள்ளி வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிறது. காலையும் மாலையும் அங்கே போய் நின்று தண்ணீரைப் பார்ப்பது குலசிங்கத்தின் பொழுதுபோக்கு. முதல் நாளே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் வேலை செய்யப் போகும் சதுப்பின் தண்ணீர் கடைசியில் வந்து சேர்வது இங்கேதான் என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் காலை இடியப்பம், மஞ்சள் நிறச் சொதி, சிவக்க இடித்த சம்பல். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான் முதலில் வரும். இங்கே சர்க்கரை கேட்டால் விநோதமாகப் பார்க்கிறார்கள். பதினொன்று சாப்பிட்டேன். பன்னிரண்டாவதை எடுக்கும்போது வாசலில் ஆட்டோ சத்தம்.

அதில் வந்தவர் சியாமளா. யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் வளர்ந்தவர், அந்தச் சதுப்பைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. கழுத்தில் பைனாகுலர், காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நான் ஷட்டர் என்றேன், அவர் வான்கதவு என்றார். மூன்று தெரு தாண்டுவதற்குள் இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறோம் என்று தெரிந்துவிட்டது.

நகரம் முடிகிறதே என்று நினைக்கும் இடத்தில் ஒரு மதில், ஒரு கேட், அதற்குப் பிறகு வானம். அவ்வளவு பச்சையை நான் எதிர்பார்க்கவில்லை. புல்வெளியா, ஏரியா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. புல்லுக்கு நடுவே தண்ணீர், தண்ணீருக்கு நடுவே அல்லி இலைகள், எல்லாவற்றுக்கும் நடுவே எருமைகள். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பை நான் பேருந்து ஜன்னலிலிருந்து பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் இறங்கியதில்லை. இங்கே இறங்கி நின்ற முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு ஆமை என் காலைத் தாண்டிப் போனது.

எருமைகள் இங்கே ஊழியர்கள் மாதிரி என்றார் சியாமளா. அவை மேய்வதால் புல் குட்டையாக இருக்கிறது, நடப்பதால் தண்ணீருக்கு வழி கிடைக்கிறது, அந்த வழியில் அல்லி படர்கிறது, அல்லி இலை மேல் பறவை கூடு கட்டுகிறது. தண்ணீர் குறைந்தால் வெளியிலிருந்து வந்த மரங்கள் முளைத்துப் புல்லைத் தின்றுவிடும். கூடினால் புல் மூழ்கி எருமைகள் ரோட்டுக்குப் போய்விடும். ஷட்டர் அருகே ஒரு கம்பத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். தண்ணீர் அந்தக் கோட்டருகே இருக்க வேண்டும், அதுதான் இவருடைய முழு வேலையும்.

எருமைகளின் சொந்தக்காரர் நிமல். சியாமளா அவரை அய்யே, அதாவது அண்ணா, என்று கூப்பிட்டார். என்னைவிட உயரம், சட்டை போடவில்லை, தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. அவர் தன் எருமைத் தயிரை ஒரு மண்சட்டியில் கொடுத்து, மேலே கித்துள் பாணி ஊற்றினார். கருப்பட்டிப் பாகும் புகையும் கலந்த ருசி. அதன் பிறகு எங்களுக்குள் மொழிச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினேன். வழுவழுவென்று சும்மா சுற்றியது. பழைய நட்டைக் கழற்றினால் உள்ளே திருகுப் புரி மொத்தமும் மழுங்கியிருந்தது. என் புது நட்டைத் திருகுக் கம்பியில் ஏற்றினேன். முக்கால் சுற்றில் நின்றது. திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அங்கேயே நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. கம்பி ஆங்கிலேயர் காலத்து அளவில் செய்தது. அங்குலத்துக்கு மூன்று புரி. நான் கொண்டுவந்தது மில்லிமீட்டர் கணக்கு. கம்பியின் தடிமனைக் கேட்டு வாங்கியவன், புரியை எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியது என் வேலை.

சியாமளா கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார், “அண்ணா, நாளையிண்டைக்கு வருஷம். பட்டறை எல்லாம் பூட்டிப் போடுவினம். மழை வருதெண்டு வேற சொல்லியிருக்கினம்.”

மூன்றாம் நாள். சித்திரை வருடப் பிறப்புக்கு முந்திய நாள். கடைசல் பட்டறைகள் கொட்டாஞ்சேனையில் இருக்கின்றன, ரயிலில் கோட்டைக்குப் போய் அங்கிருந்து போங்கள் என்றார் குலசிங்கம். வெள்ளவத்தை நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறினேன். ஜன்னலோரம், கடல் காற்று, பையில் இரண்டு நட்டு. ரொம்ப நேரம் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு வந்த பிறகுதான் ஒரு சந்தேகம். கோட்டைக்குப் போகிறவனுக்குக் கடல் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். எனக்கு வலது பக்கம் இருந்தது.

பக்கத்தில் மடியில் பலகாரப் பெட்டியோடு ஒரு சிங்கள அம்மா. கோட்டை என்று சொல்லி முன்னால் கை காட்டினேன். அவர் பின்னால் கை காட்டினார். ரயில் பெட்டி முழுக்க வாய்விட்டுச் சிரித்தது. வருடப் பிறப்புக்கு ஊருக்குப் போகிற ரயில் அது. நான் இறங்குவதற்கு முன் அந்த அம்மா, பசியோடு திரும்பிப் போகாதே என்று சொல்வதாக ஒரு இளைஞர் மொழிபெயர்த்தார். பூ வடிவில் பொரித்த கொக்கிஸ் இரண்டை அந்த அம்மா என் கையில் வைத்தார். மொரமொரவென்று, அச்சு முறுக்கின் உறவுக்காரன் போல இருந்தது.

கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. புறக்கோட்டையில் ஜனங்கள் புதுத்துணிப் பைகளோடு ஒருவர் மேல் ஒருவர் நடந்துகொண்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் பட்டறைத் தெருவில் ஒரு ஆள் இல்லை. ஆறு பட்டறை, ஆறு பூட்டு. ஏழாவதில் பாதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவர் வானொலி கேட்டபடி லேத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் அந்தோனி. வேலையாட்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், நானும் கடையைச் சாத்தப் போகிறேன் என்றார்.

நான் பையைத் திறந்து இரண்டு நட்டையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் பழையதற்குள் சுண்டுவிரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். பிறகு புதியதற்குள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “அங்குலம். நீங்க மில்லிமீட்டர் கொண்டு வந்திருக்கிறீங்க” என்றார். வானொலியை நிறுத்தினார்.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதன் அருமை அப்போது தெரிந்தது. பின்கட்டிலிருந்து ஒரு பழைய கப்பலின் வெண்கலப் புஷ்ஷை, தடித்த குழாய்த் துண்டு போல இருந்ததை, உருட்டிக்கொண்டு வந்தார். லேத்தைப் பார்த்ததும் எனக்குக் கும்பிடத் தோன்றியது. பழைய இங்கிலாந்து லேத், அங்குலப் புரி வெட்டவே பிறந்தது. அம்பத்தூரில் அந்த மாதிரியானவற்றை நாங்கள் பழைய இரும்புக்குப் போட்டுப் பல வருடம் ஆகிறது. ஆளுக்கொரு பக்கம் நின்று, மாலை வரை கடைந்தோம். புஷ்ஷின் உள்வாய் சுத்தமானது. புரி வெட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்றார்.

நாளை என்பது வருடப் பிறப்பு. குலசிங்கம் வீட்டில் பொங்கல், கீழ்வீட்டுச் சிங்களக் குடும்பம் அனுப்பிய பாற்சோறு, தெரு முழுக்கப் பட்டாசு. நான் அரைத்தட்டோடு எழுந்து கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன், இம்முறை கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டு. தன் பண்டிகை இல்லாத நாளில் மனிதர் வேலை செய்கிறாரே என்று நினைத்தால், அந்தோனி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தமிழன் எல்லாருக்கும்தானே வருஷம் என்றார். கடைசி வெட்டு ஓடும்போது நாலு மணி. வெண்கலச் சீவல் பொன் நூலாகச் சுருண்டு விழுந்தது. அந்த நேரம் தகரக் கூரை மேல் மழை விழ ஆரம்பித்தது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காத மழை. இருவரும் கூரையைப் பார்த்தோம்.

ஐந்தாம் நாள் காலை ஆறரைக்கு நானும் சியாமளாவும் சதுப்பில் நின்றோம். மஞ்சள் கோடு தண்ணீருக்குள் போயிருந்தது. கம்பத்தில் மிச்சம் ஒரு முழம். நிமல் எருமைகளை மேட்டுக்கு ஏற்றி நின்றார். நான் கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டு, அந்தோனியின் நட்டை ஏற்றினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இருந்ததா என்று யோசிக்க வேண்டும்.

கைப்பிடியில் கை வைத்தேன். கரையில் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். சதுப்பின் ஓரத்தில் கடைசி வீடு அவருடையது. பெயர் ரிஸ்வான். வந்ததும், அண்ணன் என்பதற்கு நானா என்று அழைத்து, என்னிடம்தான் பேசினார். “முழுசாத் தொறங்க நானா. தண்ணி எங்கட வாசப்படிக்கு வந்தீக்கி. வாப்பாவ முந்தாநாள்தான் களுபோவில ஆஸ்பத்திரியால கூட்டிவந்த. அவரத் தூக்க ஏலா.”

சியாமளா என் கைப்பிடியைத் தொட்டார். இப்போது வேண்டாம் என்றார். கால்வாய் ஏற்கனவே நிறைந்து ஓடுகிறது. கடல் ஏறி நிற்கிற நேரத்தில் இதையும் திறந்தால் தண்ணீர் போக இடமில்லாமல் கீழே வெள்ளவத்தை ஓரத்து வீடுகளுக்குள் ஏறும், உங்கள் வீட்டிலும் குறையாது. பதினொரு மணிபோலக் கடல் வற்றும், அப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்போம் என்றார். ரிஸ்வான் நம்பவில்லை. அவர் விரல் தூரத்து அல்லி இலைகளைக் காட்டியது. “உங்களுக்கு அந்தக் குருவிதான் பெருசு. எங்கட வாப்பா இல்ல.”

சியாமளாவின் முகம் சுருங்கிப் போனது. குருவி இருந்தது உண்மைதான். அங்கே இலை மேல் ஒரு கூடு, கூட்டில் நான்கு முட்டை, அதை அவர் மூன்று வாரமாகப் பார்த்து வருகிறார் என்று நான் சதுப்புக்கு வந்த அன்றே காட்டியிருந்தார். சட்டென்று திறந்தால் இழுப்பில் கூடு வந்துவிடும். ஆனால் அதை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. என் கையில் கைப்பிடி இருந்தது. குலசிங்கத்துக்குப் போன் போட்டு, கால்வாய் வாய்க்கு நடந்து போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். சத்தத்தைக் கூட்டி நடுவில் பிடித்தேன். செருப்புச் சத்தம், ரயில் சத்தம், கடல் சத்தம். பிறகு அவர் குரல் வந்தது. “தம்பி, கடல் உள்ளுக்குத் தள்ளிக்கொண்டிருக்கு. மிதக்கிற போத்தல் எல்லாம் பின்னுக்குத்தான் வருது.”

ரிஸ்வான் அதைக் கேட்டார். தோள் கொஞ்சம் இறங்கியது. அப்போ வாப்பாவை என்ன செய்வது என்று கேட்டார், இம்முறை சியாமளாவிடம்.

நான் கைப்பிடியை விட்டேன். நிமலைப் பார்த்துத் தூக்குவது போலச் சைகை காட்டினேன், அவர் ஏற்கனவே இறங்கிவிட்டார். நான்கு பேரும் ரிஸ்வான் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் கணுக்கால் தண்ணீர். கட்டிலில் அவர் தந்தை, வயிற்றில் தையல், அசையக் கூடாது. ஆளைத் தூக்காமல் கட்டிலைத் தூக்குவது என்று முடிவு செய்தோம். ஷட்டர் வேலை செய்கிறவனுக்கு இது தெரிந்த வித்தை. ஒரு மூலையைத் தூக்கு, ஒரு கல் வை, அடுத்த மூலை. நிமல் தோளைக் கொடுத்துத் தூக்க, ரிஸ்வான் கல் வைக்க, நானும் சியாமளாவும் சாயாமல் பிடித்தோம். நான்கு மூலைக்கும் மூன்று மூன்று கல். பெரியவர் கடைசி வரை கண்ணை மூடியிருந்தார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, இந்தியாவில் எந்த ஊர் என்று என்னைக் கேட்டார்.

பதினொன்றேகாலுக்குக் குலசிங்கம் கூப்பிட்டார். போத்தல்கள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன என்றார். அவர் அங்கேயே நின்றிருக்கிறார், குடைகூட இல்லாமல்.

எட்டுச் சுற்று. அந்தோனியின் புரி முனகவில்லை. கதவு நான்கு விரல் அளவு ஏறியது, அடியில் தண்ணீர் கண்ணாடித் தகடு போல வெளியே வழுக்கியது. அரை மணி பொறுத்து இன்னும் எட்டு. நானும் நிமலும் மாறி மாறிச் சுற்றினோம். சியாமளா பைனாகுலரை இறக்கவே இல்லை. நான்காவது முறை சுற்றும்போது என்னைக் கூப்பிட்டு அதை என் கண்ணில் வைத்தார்.

கூடு ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் ஏறியிருந்தது. அதன் மேல் நீண்ட வால், வெள்ளைச் சிறகு, பொன்நிறப் பிடரியோடு அந்தப் பறவை. அது ஒரு முட்டையைக் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, நீளமான விரல்களால் இலை இலையாகப் பின்பக்கமாகவே நடந்தது. கொஞ்ச தூரத்தில் தடித்த பாசித் திட்டு ஒன்றில் முட்டையை வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. தாய்க்கு என்ன தைரியம் என்றேன்.

“அது தகப்பன் அண்ணா. தாய் முட்டை இட்டிட்டுப் போயிடும். இவர்தான் அடைகாக்கிறது.”

இரண்டாவது முட்டை. மூன்றாவது. ரிஸ்வான் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். நான்காவதற்கு அது திரும்பும் முன் கூடு கவிழ்ந்தது. அந்த முட்டை போயிற்று. பறவை அந்த இடத்தை ஒரு முறை சுற்றிவிட்டு, மூன்றின் மேல் போய் உட்கார்ந்தது. ரிஸ்வான் பைனாகுலரைத் திருப்பித் தந்தார்.

மாலைக்குள் தண்ணீர் அவர் வாசல் படியை விட்டு இறங்கியது. கீழே வெள்ளவத்தையிலும் எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை என்று குலசிங்கம் சொன்னார். அன்று இரவு சாப்பிட்ட கொத்துரொட்டியின் ருசியை நான் ஊரில் யாருக்கும் விளக்க முடியாது.

ஆறாம் நாள், புறப்படும் காலை. தண்ணீர் வேகமாக வற்றி மஞ்சள் கோடு முழுதாகத் தெரிந்தது. இனிக் கதவை இறக்க வேண்டும். நிமலின் எருமைகள் வரிசையாகப் புல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் கிரீஸ் டப்பாவோடு போனபோது ரிஸ்வான் ஷட்டர் அருகே நின்றார். எப்படிச் சுற்றுவது என்று கேட்டார். காட்டிக் கொடுத்தேன். ஏற்றும்போது எத்தனை, இறக்கும்போது எத்தனை, எங்கே நிறுத்த வேண்டும், கைக்கு என்ன தட்டுப்பட்டால் பயப்பட வேண்டும், எல்லாம். கேட்டுக்கொண்டு அவரே இறக்கினார். கோட்டருகே தண்ணீர் நின்றது.

பக்கத்தில் நின்ற சியாமளா தன் சாவிக்கொத்திலிருந்து கைப்பிடிப் பூட்டின் இரண்டாவது சாவியைக் கழற்றினார். என் வீடு இங்கிருந்து ஒரு மணி நேரம், உங்கள் வீடு இந்தக் கரையில் இருக்கிறது, அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்குவது என் பொறுப்பு என்றார். என்னைக் கேட்காமல் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். ரிஸ்வான் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். பத்தடி நடந்தவர் நின்று, திரும்பி வந்தார்.

“நான் பொறந்ததே இந்தக் கரையிலதான். அந்தக் குருவிட பேரு எனக்குத் தெரியா.”

“இலைக்கோழி” என்றார் சியாமளா.

அவர் அதைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, வாப்பாவிடம் சொல்ல வீட்டுக்குப் போனார்.